போன் நம்முடையது, அதில் பேசும் உதவியாளரை யார் தேர்ந்தெடுப்பது?

மஞ்சூர்_பிக்கப் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நீலகிரியில் குந்தா பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறேன். ரோட்டில் பனி இறங்கியிருக்கும், கை ஸ்டீயரிங்கில் இருக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். அதனால் போனிடம் வாயால் சொல்லி வேலை வாங்குவது எனக்கு அவசியத் தேவை. "எடக்காடு அண்ணனுக்கு போன் போடு", "இன்றைக்கு இத்தனை மூட்டை என்று குறித்து வை". நான் கேட்பது இவ்வளவுதான்.

சமீபத்தில் போன் மாற்றினேன். புதுப் போனில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அதைச் செய்த கம்பெனியின் சொந்த அசிஸ்டன்ட் வருகிறது. அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் நம் ஊர்ப் பெயர், நம் ஆட்கள் பெயர் எதுவும் அதற்குப் பிடிபடுவதில்லை. பழைய போனில் தமிழிலேயே பேசிப் பழகிவிட்டேன்.

இதை மாற்ற வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவன் நான். எனக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று போனைத் தயாரித்தவர் ஏன் முடிவு செய்கிறார்?

கூடலூர்_சர்வீஸ் எழுதியது:

அண்ணா, மாற்றலாம். ஆண்ட்ராய்டு போன்தானே? அமைப்புகளுக்குள் போய் ஆப்ஸ், அதற்குள் இயல்புநிலை ஆப்ஸ், அதில் டிஜிட்டல் அசிஸ்டன்ட் என்று ஒரு வரி இருக்கும். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். அதைத் தொட்டால் கூகுள், சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்சிட்டி என்று உங்கள் போனில் இருப்பவற்றில் அந்த வேலையைச் செய்யக்கூடியவை வரிசையாக நிற்கும். ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம்.

அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பல போன்களில் பட்டனுக்குத் தனி அமைப்பு உண்டு. பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன வர வேண்டும் என்பதை அங்கே மாற்ற வேண்டும். இரண்டும் மாறினால்தான் நீங்கள் நினைத்தது நடக்கும். கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, "குரல் அசிஸ்டன்ட் எல்லாம் நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ் பேசும் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் அதே ஆள் அடுத்த வாரம் வந்து, அம்மாவின் போனிலும் போட்டுத் தரச் சொல்கிறார்.

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

சர்வீஸ் தம்பி சொன்ன வழி சரி. ஆனால் அந்த வழி பாதிக் கதவைத்தான் திறக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

பட்டனை அழுத்துவது ஒரு வழி. கையே வைக்காமல் "ஏய் இன்னார்" என்று கூப்பிடுவது இன்னொரு வழி. வண்டி ஓட்டுகிறவருக்கும், இலை பறிக்கும்போது கை ஈரமாக இருப்பவருக்கும், கண் தெரியாதவருக்கும் இரண்டாவதுதான் முக்கியம். அது எப்படி வேலை செய்கிறது? போனில் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னச் செயலி (சிப்) ஒன்று மைக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு சொற்றொடரின் ஒலியோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் பெரிய செயலியை எழுப்பும். அதன்பிறகுதான் நீங்கள் சொல்வது பதிவாகி, போனிலேயோ நிறுவனத்தின் சர்வரிலேயோ புரிந்துகொள்ளப்படும்.

அந்தச் சின்னச் செயலியைத் தொடும் அனுமதி ஆண்ட்ராய்டில் போனோடு சேர்ந்து வரும் சிஸ்டம் ஆப்களுக்கு மட்டும்தான். பிளே ஸ்டோரிலிருந்து நீங்கள் இறக்கிய அசிஸ்டன்டுக்கு அது கிடைக்காது. ஆண்ட்ராய்டு 9 வந்ததிலிருந்து, பின்னணியில் இருக்கும் சாதாரண ஆப் மைக்கைத் தொடவும் முடியாது. ஆகவே அமைப்புகளில் நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும், திரை அணைந்திருக்கும்போது கூப்பிட்டால் பதில் சொல்லும் உரிமை கூடவே வந்தவருக்குத்தான். அமைப்பில் பெயர் மாறிவிட்டது, அதிகாரம் மாறவில்லை.

ஆப்பிள் பக்கம் இன்னும் இறுக்கம். ஐபோனில் பக்க பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆப்பிளின் சொந்த அசிஸ்டன்டான சிரி மட்டும்தான். 2023-இல் ஐபோன் 15 ப்ரோவில் வந்த ஆக்‌ஷன் பட்டனில் வேறு ஆப்பைத் திறக்க வைக்கலாம், அவ்வளவுதான். ஜப்பானில் மட்டும் கைபேசி மென்பொருள் போட்டிச் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், பக்க பட்டனில் வேறு நிறுவனத்தின் குரல் ஆப்பை வைக்க ஆப்பிள் அங்கே வழி விட்டது. முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். சட்டம் கேட்டவுடன் முடிந்தது.

வெலிங்டன்_ஓய்வு எழுதியது:

கோத்தகிரி அம்மா விளக்கியதற்கு நன்றி. ஆனால் நான் மறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எல்லா ஆப்புக்கும் எப்போதும் மைக்கைக் கேட்கும் உரிமை கொடுத்தால் என்ன ஆகும்? டார்ச் லைட் ஆப் என்று இறக்குவதுகூட நம் வீட்டுப் பேச்சைக் கேட்கும். பேட்டரியும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பெரிய நிறுவனங்களே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கின்றன. சிரிக்குச் சொன்னவற்றின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்பது 2019-இல் வெளியானது. தெரியாமல் சிரி விழித்துக்கொண்டு பதிவு செய்த வழக்கில் 9.5 கோடி டாலர் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டதை 2025 ஜனவரியில் படித்தோம். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி என்றால், பெயர் தெரியாத நிறுவனத்தின் கையில் மைக்கைக் கொடுக்கலாமா? கதவு பூட்டியிருப்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

ஐயா, உங்கள் கவலை நியாயம். ஆனால் நாங்கள் கேட்பது எல்லா ஆப்புக்கும் இல்லை. போன் உரிமையாளர் தன் கையால் அசிஸ்டன்டாகத் தேர்ந்தெடுத்த அந்த ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும். யார் அந்த ஒருவர் என்று குறித்துவைக்கும் ஏற்பாடு ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்துக்கு வருபவருக்கு அந்தச் சின்னச் செயலியின் அனுமதியும் போக வேண்டும், இடத்தை விட்டுப் போனால் அனுமதியும் போய்விட வேண்டும். டார்ச் லைட் ஆப் இதில் நுழையவே முடியாது. சொற்றொடரை ஒப்பிடும் வேலையை சிஸ்டமே செய்துவிட்டு, பொருந்தினால் மட்டும் அந்த ஆப்பை எழுப்பலாம். அப்போது பேட்டரிக்கும் சேதம் இல்லை, பொருந்தும்வரை எந்த நிறுவனத்துக்கும் ஒரு சொல்கூடப் போகாது.

நீங்கள் சொன்ன சிரி வழக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தச் செய்தி வந்த அன்று ஐபோன் வைத்திருந்தவர், "எனக்கு இந்த அசிஸ்டன்ட் வேண்டாம், தனியுரிமையை மதிக்கும் இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறேன்" என்று மாறிப் போக இடம் இருந்ததா? அணைத்து வைக்கலாம், அல்லது போனையே மாற்றலாம். வாடிக்கையாளர் விலகிப் போய்விடுவார் என்ற பயம் இருந்தால்தான் நிறுவனம் ஒழுங்காக நடக்கும்.

வெலிங்டன்_ஓய்வு எழுதியது:

தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு மட்டும், ஒப்பிடுவது சிஸ்டம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அனுமதி கொடுக்கும்போது தெளிவான தமிழில் ஒரு எச்சரிக்கை வர வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி_சட்டமாணவன் எழுதியது:

மஞ்சூர் அண்ணா கேட்டாரே, போனைத் தயாரித்தவர் ஏன் முடிவு செய்கிறார் என்று. பல நேரம் போனைத் தயாரித்தவர்கூட முடிவு செய்வதில்லை. பின்னால் ஒப்பந்தம் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் மொத்தமாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது தவறு என்பது அதில் முக்கியமான முடிவு. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த உத்தரவுக்குத் தடை தர மறுத்தது. உடனே கூகுள், எந்த ஆப்களை ஏற்றுவது என்று தயாரிப்பாளர்கள் தனித்தனியாக உரிமம் எடுக்கலாம் என்றும், தேடுபொறியைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம் என்றும் அறிவித்தது. பிறகு 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும் சில கட்டளைகளை ரத்து செய்தது.

தேடுபொறிக்குத் தேர்வுத் திரை வந்தது. குரல் அசிஸ்டன்டுக்கு வரவில்லை. இதைத்தான் நான் குறையாகப் பார்க்கிறேன். ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தில் குரல் உதவியாளரும் தனிச் சேவையாகப் பட்டியலில் இருக்கிறது. இயல்புநிலை அசிஸ்டன்டை எளிதாக மாற்ற வழி விட வேண்டும் என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நம் நாட்டில் 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதா வரைவில் ஒன்பது சேவைகள் பட்டியலில் உண்டு. தேடுபொறி, பிரவுசர், இயங்குதளம் எல்லாம் இருக்கின்றன, குரல் உதவியாளர் இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், பேசி இயக்கும் வாசலைப் பட்டியலில் விட்டுவிடலாமா? எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தேடல் ஏகபோகம் தொடர்பாக கூகுள் மேல் நடந்த அமெரிக்க வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் நடந்த விசாரணையில், தன் ஏஐ அசிஸ்டன்டான ஜெமினியை முன்கூட்டியே ஏற்றி வைக்க சாம்சங்குக்கு கூகுள் அந்த ஜனவரியிலிருந்து பணம் தருவது வெளிவந்தது. பெர்ப்ளெக்சிட்டி அசிஸ்டன்டை இயல்புநிலையாக வைக்க மோட்டோரோலா விரும்பியும் கூகுள் ஒப்பந்தம் தடுத்தது என்று பெர்ப்ளெக்சிட்டி அதிகாரி சாட்சி சொன்னார். 2025 செப்டம்பர் 2 தீர்ப்பில், தேடல், குரோம், அசிஸ்டன்ட், ஜெமினி நான்கிலும் "எங்களை மட்டுமே" என்ற ஒப்பந்தம் போட நீதிபதி தடை விதித்தார். பணம் கொடுப்பதற்கு முழுத் தடை இல்லை. அது போதுமா என்றால், போதாது என்பேன்.

குன்னூர்_ரயிலடி எழுதியது:

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 2017-இல் கேலக்ஸி எஸ்8 வந்தபோது சாம்சங் தன் பிக்ஸ்பி அசிஸ்டன்டுக்கென்று தனி பட்டனே வைத்தது. வாங்கியவர்கள் அந்த பட்டனுக்கு வேறு வேலை கொடுக்க ஆப் எழுதினார்கள். சாம்சங் அப்டேட் போட்டு அதை அடைத்தது. இவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த இழுபறிக்குப் பிறகு 2019-இல் எஸ்10 வந்தபோது பட்டனை மாற்றிக்கொள்ள நிறுவனமே வழி விட்டது, ஆனால் போட்டி அசிஸ்டன்டுகளை அதில் நேரடியாக வைக்க அப்போதும் விடவில்லை. 2025-இல் எஸ்25 வந்தபோது அதே நிறுவனம் பக்க பட்டனில் ஜெமினியை வைத்துக் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? இரண்டு முறையும் பட்டன் யாருக்கு என்று நிறுவனங்களுக்குள்தான் பேச்சு நடந்தது. முதலில் சொந்த அசிஸ்டன்ட், பிறகு கூட்டாளியின் அசிஸ்டன்ட். போன் வாங்கிய முதல் நாளே "உங்களுக்கு யார் வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த எட்டு வருடச் சண்டையே தேவைப்பட்டிருக்காது.

ஹட்டி_மகள் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் எல்லோரும் தமிழ் தெரிந்த அசிஸ்டன்ட் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பாட்டி, படுகர்களின் மொழியான படுகு மட்டும்தான் பேசுவார். 2011 கணக்கெடுப்புப்படி படுகு பேசுபவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். கோத்தர், தோடர், குறும்பர், இருளர் மொழிகள் இன்னும் சிறியவை. எந்தப் பெரிய நிறுவனத்தின் அசிஸ்டன்டிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சந்தை கண்ணிலேயே படாது, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் நாங்களே செய்துகொள்ளலாமே? இன்றைக்கு அதற்கான கருவிகள் இருக்கின்றன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22-க்கும் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஏஐ மாதிரிகளைத் திறந்த உரிமத்தில் கொடுத்திருக்கிறது. படுகு அட்டவணையில் இல்லை, ஆனால் அந்த மாதிரியை எடுத்து எங்கள் குரல்களைக் கொண்டு பழக்கலாம். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் எந்த மொழிக்காரரும் குரல் சேகரிப்பைத் தொடங்கலாம். தமிழ் ஏற்கெனவே அங்கே உண்டு. ஓபன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் மாதிரியும் திறந்ததுதான்.

சரி, கஷ்டப்பட்டு எங்கள் படுகர் ஊர்களான ஹட்டிகள் நான்கில் குரல் சேகரித்து ஒரு படுகு அசிஸ்டன்ட் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி அதை எப்படிக் கூப்பிடுவார்? திரையைத் திறந்து, ஆப்பைத் தேடித் தொட்டு, பிறகுதான் பேச வேண்டும். அதைச் செய்யத் தெரிந்திருந்தால் அவருக்குக் குரல் அசிஸ்டன்டே தேவையில்லை. கூப்பிட்டால் எழும் உரிமை எங்கள் ஆப்புக்குக் கிடைக்காதவரை எங்கள் உழைப்பு பாட்டியின் காதுவரை போகாது. போட்டி என்றால் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் நடுவே நடப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சின்ன மொழிக்காரர்கள் உள்ளே நுழைய இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் அதை அளப்பேன்.

மஞ்சூர்_பிக்கப் எழுதியது:

தங்கச்சி, நீ சொன்னது மனதில் தைத்தது. என் வண்டியில் இலை போடுபவர்களில் பாதிப் பேர் படுகுதான் பேசுவார்கள். எடைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். அவர்கள் மொழியில் போன் வாசித்துச் சொன்னால் எவ்வளவு நிம்மதி.

கூடலூர்_சர்வீஸ் எழுதியது:

எங்கள் பக்கமும் இதே நிலைதான். ஒரே வீட்டில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் ஓடும். பணியர் பழங்குடியினரின் பேச்சு தனி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழ் வேறு மாதிரி இருக்கும், அசிஸ்டன்டுகள் அதில் அதிகம் தடுமாறுவதைக் கடையில் கண்ணால் பார்க்கிறேன்.

இப்போது இருப்பவற்றைப் பற்றிக் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் 2017-இல் வந்தது. ஜெமினி ஆப் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழோடு வந்தது. அலெக்சாவுக்கு இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான், இந்தி 2019-இல் சேர்ந்தது. சிரியில் முழுத் தமிழ் இல்லை, இந்திய ஆங்கிலத்தோடு தமிழ் கலந்து பேசலாம் என்று ஐஓஎஸ் 18-இல் வசதி கொடுத்தார்கள். ஆக, முழுசாகத் தமிழில் பேச நினைப்பவருக்குப் போனோடு வருவதில் கூகுளை விட்டால் ஆள் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் நம் மொழிக்கு யார் மெனக்கெடுவார்கள்?

குன்னூர்_ரயிலடி எழுதியது:

அதிலும் இன்னொரு சிக்கல். 2026 ஜனவரியில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து அறிக்கை விட்டன, சிரியின் அடுத்த வடிவம் ஜெமினி மாதிரிகளின் மேல் கட்டப்படும் என்று. வெளியே இரண்டு பெயர், உள்ளே ஒரே மூளை. நம் ஊரில் ஒரு பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் இரண்டு போனிலும் அதே தப்பு வர வாய்ப்பு உண்டு. கடையில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணி, போட்டி இருக்கிறது என்று சொல்வது போதாது.

ஊட்டி_சட்டமாணவன் எழுதியது:

ரயிலடி அண்ணா சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய செய்தி: அதே 2026 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம், ஜெமினி பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு வசதிகளைப் போட்டியாளர்களுக்கும் எப்படித் திறந்துவிட வேண்டும் என்று கூகுளுக்கு வரையறுக்கும் நடைமுறையைத் தொடங்கியது. கோத்தகிரி அக்கா விளக்கிய அந்த மீதிப் பாதிக் கதவு இதுதான். இதன் பலன் ஐரோப்பாவோடு நின்றுவிடும், இங்கே ஒரு உத்தரவு வராவிட்டால். ஹட்டி மகள் எழுதியதைப் போன்ற காரணங்கள் நம் ஆணையத்தின் முன் எழுத்தில் போக வேண்டும். மசோதா பற்றி மறுபடி கருத்துக் கேட்டால் அனுப்ப ஒரு மனு எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அக்கா, தொழில்நுட்பப் பகுதியை நீங்கள் எழுதித் தருவீர்களா? ஹட்டி மகள், மொழிப் பகுதி உங்களுடையது.

கோத்தகிரி_கணக்கு எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன் தம்பி. மூன்று கோரிக்கை வைப்போம். போனை முதன்முதலாக இயக்கும்போது அசிஸ்டன்டுக்கும் தேர்வுத் திரை வேண்டும், அதில் ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த மொழி தெரியும் என்பது போட்டிருக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததற்குப் பட்டன், கூப்பிடு சொல், பூட்டிய திரை எல்லாவற்றிலும் அதே அதிகாரம் போக வேண்டும். மூன்றாவது, போன் போடுவது, அலாரம் வைப்பது, குறிப்பு எடுப்பது போன்ற அடிப்படை வேலைகள் நெட் இல்லாமலும் நடக்க வேண்டும். இந்த மூன்றாவதை நான் விடமாட்டேன். மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்கும் ரோட்டில், அவலாஞ்சியில், மசினகுடி பக்கம் எங்கே சிக்னல் ஒழுங்காக நிற்கிறது? சர்வருக்குப் போய்த்தான் பதில் வரும் என்றால், யானை நிற்கும் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு உதவிக்குப் போன் போட நினைப்பவருக்கு அந்த அசிஸ்டன்டால் எந்தப் பயனும் இல்லை. போனிலேயே தமிழைப் புரிந்துகொள்ளும் வேலையை யார் நன்றாகச் செய்கிறார்கள் என்பதில்தான் நிறுவனங்கள் போட்டி போட வேண்டும்.

ஹட்டி_மகள் எழுதியது:

என் பகுதியை எழுதுகிறேன். பாட்டியிடமும் ஹட்டிப் பெரியவர்களிடமும் போனில் என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்து அதையும் சேர்க்கிறேன்.

கூடலூர்_சர்வீஸ் எழுதியது:

மனு தயாரானதும் கடையில் ஒரு பிரதி வைக்கிறேன், வருபவர்கள் படித்துக் கையெழுத்துப் போடட்டும்.

அதுவரைக்கும் இங்கே படிப்பவர்களுக்கு வேலைக்கு ஆகும் விஷயம் ஒன்று. அசிஸ்டன்டைத் தமிழுக்கு மாற்றிய பிறகும் ஆள் பெயர் பிடிபடவில்லை என்றால், காண்டாக்டில் பெயரைத் தமிழ் எழுத்தில் சேமித்துப் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஊர்ப் பெயரை முன்னால் சேருங்கள்: நெடுகுளா மாமா, தூனேரி அக்கா, கட்டபெட்டு டீக்கடை. கடையில் இப்படி மாற்றிக் கொடுத்தவர்களுக்குப் பிரச்சினை நன்றாகக் குறைந்திருக்கிறது. பூட்டிய திரையில் பதில் சொல்லும் அனுமதி அசிஸ்டன்ட் அமைப்புக்குள் தனியாக இருக்கும். வண்டி ஓட்டுபவர்கள் அதைப் போட்டு வையுங்கள், வீட்டில் குழந்தைகள் கையில் போன் போகிறது என்றால் எடுத்து விடுங்கள்.